எண்பது பிரதி அச்சடிக்கப் போய்

அப்பாவுக்காக ஈய எழுத்தைக் கையால் கோத்து நாலு பக்கப் பத்திரிகை ஒன்றை வீட்டிலேயே அச்சடிக்கப் போனேன். அதில் என்னென்ன கெடும் என்று யாராவது எனக்கு முன்னாடியே சொல்லியிருந்தால் ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரம் ரூபாயில் பாதியாவது மிஞ்சியிருக்கும், எட்டு மாதம் மூன்று மாதமாகியிருக்கும், என் பையன் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுக்க வேண்டியிருந்திருக்காது. கேட்பதற்கு ஆள் இல்லாமல் தனியாகவே எல்லாவற்றையும் செய்து, தனியாகவே எல்லாவற்றையும் கெடுத்து, தனியாகவே உட்கார்ந்து அழுதும் முடித்தேன். பழைய அச்சு மிஷின், ஈய எழுத்து, தாத்தா காலத்துப் பத்திரிகை என்று யாருக்காவது ஆசை வந்திருந்தால் முதலில் இதைப் படித்துவிடுங்கள்.

ஆரம்பம் ஒரு மைக்ரோஃபிலிம், அதாவது பழைய பத்திரிகைப் பக்கங்களைப் பொடியாகப் படம் பிடித்து வைத்திருக்கும் சுருள். அப்பாவின் தாத்தா மெட்ராசில் "பத்திரிகை ஆபீசில் பெரிய வேலையில் இருந்தார்" என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வார்கள். அப்பாவுக்கு எண்பது வயது நிறையப் போகிறதே, அந்தப் பத்திரிகையில் ஒரு பக்கத்தையாவது தேடிக் கொடுப்போம் என்று தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா நூலகத்தில் போய் உட்கார்ந்தேன். மூன்று நாள் கட்டுரைகளுக்குக் கீழே அவர் பேரைத் தேடினேன், எங்கேயும் இல்லை. நாலாவது நாள் சலித்துப்போய் கடைசிப் பக்கத்தின் அடியைப் பார்த்தால், பொடி எழுத்தில் ஒற்றை வரி, அதில் இருக்கிறார். எழுதியவர் இல்லை, ஆசிரியரும் இல்லை, அச்சடித்தவர். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால் நேரே அந்த அடி வரிக்குப் போங்கள். 1867 அச்சுச் சட்டப்படி அச்சடித்தவர் பேரும் அச்சடித்த இடமும் அன்றைக்கு அச்சான புத்தகம், பத்திரிகை எல்லாவற்றிலும் இருந்தே ஆக வேண்டியிருந்தது. அதே சட்டத்தின்கீழ் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியான புத்தகப் பட்டியல்களில் அச்சகக்காரர் பேர், எத்தனை பிரதி, என்ன விலை என்றெல்லாம் இருக்கும். நேரம் இருந்தால் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் சுதேசப் பத்திரிகை அறிக்கைகளையும் பாருங்கள். வாராவாரம் தமிழ்ப் பத்திரிகைகளில் வந்ததை இங்கிலீஷில் சுருக்கி மேலிடத்துக்கு அனுப்பிய கோப்புகள் அவை. ஒரு பத்திரிகை யார் கண்ணை உறுத்தியது என்பது அங்கேதான் தெரியும்.

அந்த அடி வரியைச் சாதாரணமாக நினைத்துவிட வேண்டாம். எழுதுகிறவர் ஒருவர், சர்க்கார் பதிவேட்டில் இருப்பவர் வேறொருவர் என்ற ஏற்பாடு அன்றைக்குச் சகஜம். 1908ல் பாரதியார் 'இந்தியா'வில் எழுதினார். ஆனால் பதிவேட்டில் பேர் இருந்த சீனிவாசனுக்குத்தான் ஐந்து வருஷ தண்டனை கிடைத்தது, பாரதியார் புதுச்சேரிக்குப் போய்விட்டார். 1910ல் வந்த சட்டம் இன்னும் மோசம். புதிதாக அச்சகம் வைப்பவர் மாஜிஸ்ட்ரேட்டிடம் ஐந்நூறிலிருந்து இரண்டாயிரம் ரூபாய் வரை ஜாமீன் கட்ட வேண்டும். அரசுக்குப் பிடிக்காத வரி ஒன்று வந்தால் அது பறிமுதல், அப்புறம் மறுபடி கட்ட வேண்டியது ஆயிரத்திலிருந்து பத்தாயிரம் வரை, அதற்கும் மேலே போனால் மிஷினே போய்விடும். எங்கள் கொள்ளுப்பாட்டியின் ஒட்டியாணம் "கோர்ட்டில் போச்சு" என்று அத்தை சொல்லிக் கேட்டிருக்கிறேன், ஏதோ பாகப்பிரிவினை வழக்கு என்றே இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். சட்டத்தைப் படித்த அன்றைக்கு ராத்திரி சரியாகத் தூக்கம் வரவில்லை.

அந்த உணர்ச்சிவேகத்தில்தான் தப்பு நடந்தது. அப்பாவுக்கு எண்பது, அதனால் எண்பது பிரதி, நாலு பக்கம், கொள்ளுத்தாத்தா அச்சடித்த மாதிரியே கையால் எழுத்துக் கோத்து அச்சடித்துக் கொடுப்பது என்று முடிவு செய்தேன். 1878ல் 'தி இந்து' பத்திரிகையை ஆரம்பித்தவர்கள் ஒரு ரூபாய் பன்னிரண்டு அணா கடன் வாங்கித் தங்கசாலைத் தெரு அச்சகம் ஒன்றில் முதல் இதழை அடித்ததும் எண்பது பிரதிதான். நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டேன். ஒன்றே முக்கால் ரூபாய்க்கு அவர்கள் முடித்ததை நான் எவ்வளவுக்கு முடித்தேன் என்று கணக்கு சொல்கிறேன். ட்ரெடில் மிஷின் (காலால் மிதித்து ஓட்டும் அச்சு மிஷின்) 55,000, அதை லாரியில் ஏற்றி இறக்க 9,000, எழுத்து 140 கிலோ, கிலோ 260 வீதம் 36,400, ரோலர் மறுபடி வார்க்க 6,500, தாள், மை, நூல் எல்லாம் 3,300, டாக்டருக்கும் டெஸ்டுக்கும் 4,800.

மிஷினை நான் குறை சொல்ல மாட்டேன், இரும்பு இரும்புதான். எழுத்து வாங்கியதில்தான் முழுசாக ஏமாந்தேன். மூடிப்போன அச்சகத்துச் சரக்கு என்று சாக்கில் கட்டிக் கொடுத்தார், நானும் தராசைப் பார்த்தேனே தவிர எழுத்தைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு ஈய எழுத்தின் பக்கவாட்டிலும் குறுக்கே ஒரு சின்னப் பள்ளம் இருக்கும், நிக் என்பார்கள். ஒரே வார்ப்பில் வந்த எழுத்தெல்லாம் வரிசையாக நிற்கும்போது அந்தப் பள்ளங்கள் சேர்ந்து ஒரே கோடாக ஓடும். என் சரக்கில் மூன்று வகைப் பள்ளம் இருந்தது, அதாவது மூன்று அச்சகத்து மிச்சம் ஒரே சாக்கில். ஒன்றைவிட ஒன்று தலைமுடி அளவு உயரம் கூடினாலும் அது மட்டும் கறுப்பாக விழும், குள்ளமாக இருப்பது விழவே விழாது. வாங்குமுன் சாக்கின் மேல், நடு, அடி மூன்று இடத்திலிருந்தும் இருபது இருபது எழுத்து எடுத்து ஒரு ஸ்டிக்கில் (எழுத்துக் கோக்கக் கையில் பிடிக்கும் சின்ன உலோகத் தட்டு) நிறுத்திக் கோடு ஓடுகிறதா என்று பாருங்கள். விற்பவர் அவசரப்படுத்தினால் வாங்காமல் வந்துவிடுங்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று, எந்தக் காலத்து எழுத்து என்று பாருங்கள். 1978ல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவருவதற்கு முன்னால் இருந்த தும்பிக்கை வைத்த லை, ளை, ணை, னை, சுழித்த ணா, றா, னா எல்லாம் தனித்தனி அச்சாக இருந்தன. பழைய பத்திரிகை மாதிரி வேண்டும் என்று கிளம்பிய எனக்குக் கிடைத்த தும்பிக்கை லை மொத்தம் நாலே நாலு. "இல்லை" என்ற சொல்லை ஒரு பக்கத்தில் நாலு தடவைக்கு மேல் எழுத முடியாது என்ற நிலைமை யாருக்காவது வந்திருக்கிறதா தெரியவில்லை. கடைசியில் புதுசும் பழசும் கலந்துதான் போட்டேன்.

இப்போது முக்கியமான இடம், இதை மட்டும் தயவுசெய்து வேகமாகத் தாண்டிப் போகாதீர்கள். பழைய எழுத்தின்மேல் வெள்ளையாக மாவு மாதிரி பூத்திருக்கும். அழுக்கு என்று நினைத்து, மாடி அறையில் ஃபேனைப் போட்டுக்கொண்டு, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் உலர்வாகவே தேய்த்துத் தேய்த்து உதிர்த்தேன், வாயால் ஊதியும் விட்டேன். ஒன்பது வயதுப் பையன் பக்கத்தில் உட்கார்ந்து க ஒரு டப்பா, ங ஒரு டப்பா என்று பிரித்துக் கொடுத்தான். லீவு நாளில் பிள்ளை ஃபோன் பார்க்காமல் தமிழ் எழுத்தோடு விளையாடுகிறான் என்று எனக்குப் பெருமை வேறு. ஒடிந்த எழுத்துகளை உருக்கி இடைவெளிக் கட்டை வார்க்கலாம் என்று கேஸ் அடுப்பில் ஒருநாள் உருக்கியும் பார்த்தேன். அச்சு எழுத்து ஈயமும் ஆண்டிமனியும் தகரமும் சேர்ந்த கலவை. அந்த வெள்ளைப் பூப்பு ஈயப் பொடி. அதைத்தான் ஒரு மாதம் நானும் அவனும் சுவாசித்திருக்கிறோம்.

ஜனவரியில் எனக்கு வயிறு பிடித்துக்கொள்ள ஆரம்பித்தது. மலச்சிக்கல், வாயில் இரும்புச் சுவை, காரணமே இல்லாமல் எரிச்சல். இரண்டு டாக்டர்கள் அல்சருக்கு மாத்திரை கொடுத்தார்கள். அவர்கள்மேல் தப்பில்லை, நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று சொன்னால்தானே. மூன்றாவது டாக்டர் என் விரல் நுனிக் கறுப்பைப் பார்த்து "என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார். ஒரு டெசிலிட்டர் (நூறு மில்லி) ரத்தத்தில் ஈய அளவு எனக்கு 19 மைக்ரோகிராம், பையனுக்கு 6. குழந்தைகளுக்கு 3.5 மைக்ரோகிராம் வந்தாலே கவனிக்க வேண்டும் என்பது அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கு, பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையவே கிடையாது. அந்த 6 என்ற எண்ணை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. என் கணவர் ஒரு வார்த்தை திட்டவில்லை, அது திட்டியதைவிட மோசமாக இருந்தது.

அதனால் சொல்கிறேன். ஈய எழுத்தை உலர்வாகத் தேய்க்கவோ ஊதவோ கூடாது, ஈரத் துணியால்தான் துடைக்க வேண்டும், துணியைத் தனியாகக் கட்டிப் போட்டுவிட வேண்டும். அந்த அறையைப் பெருக்காதீர்கள், ஈரத்தில் மெழுகுங்கள். அங்கே டீ கிளாஸ், முறுக்கு எதுவும் கூடாது. வேலைக்குப் போட்ட துணி அந்த அறையை விட்டு வெளியே வரக்கூடாது. வீட்டில் உருக்கவே உருக்காதீர்கள். குழந்தை, கர்ப்பிணி யாரும் அந்தப் பக்கம் வேண்டாம். உடம்புக்கு ஏதாவது வந்தால் டாக்டர் கேட்குமுன் "நான் ஈயத்தைத் தொடுகிறேன்" என்று நீங்களே சொல்லுங்கள். மூன்று மாதம் கழித்து எனக்கு 11, அவனுக்கு 4 என்று இறங்கியிருந்தது.

நாற்பது வருஷம் இதே வேலை பார்த்த கொள்ளுத்தாத்தாவுக்குக் கடைசிக் காலத்தில் வலது கை மணிக்கட்டு தொங்கிப்போய்விட்டதாம், சோற்றைப் பிசைய முடியாதாம். வீட்டில் வாதம் என்றார்கள், யாரோ வயிறெரிந்து விட்ட சாபம் என்றும் ஒரு பேச்சு உண்டு. ஈயம் ஏறினால் மணிக்கட்டு அப்படித் தொங்கும் என்பதை டாக்டர் தன் கையையே தொங்கவிட்டுக் காட்டினார். அவருக்கு வந்தது அதுதானா என்று இனி யாரும் நிரூபிக்க முடியாது. நான் அப்பாவிடம் சொன்னேன், அவர் பதிலே பேசாமல் கொஞ்ச நேரம் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விட்டுவிடலாம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். போட்ட பணத்தை நினைத்து மார்ச்சில் கையுறை, முகமூடியோடு மறுபடி உட்கார்ந்தேன். எழுத்தைப் பிரித்து வைக்கும் அறை அறையான தட்டுக்குக் கேஸ் என்று பேர், இங்கிலீஷுக்கு இரண்டு கேஸில் முடிந்துவிடும். தமிழில் மெய் பதினெட்டுக்கும் அகரம், புள்ளி, இகரம், ஈகாரம், உகரம், ஊகாரம் என்று ஆறாறு வைத்தாலே 108 அறை, உயிர் பன்னிரண்டு, கால், கொம்பு, கிரந்தம், எண்கள், நிறுத்தக்குறிகள் எல்லாம் தனி. எது எந்த அறையில் என்பது கண்ணுக்கு இல்லை, கைக்குத் தெரிய வேண்டும். இடது கையில் ஸ்டிக், கட்டைவிரல் கடைசி எழுத்தைப் பிடித்திருக்கும், எழுத்துத் தலைகீழாக நிற்க இடமிருந்து வலமாகக் கோத்துக்கொண்டு போக வேண்டும். என்னைப் படுத்திய விஷயம் வேறு. கொ என்று எழுத, ஃபோனில் தட்டிப் பழகிய கை க போட்டுவிட்டுத்தான் ஒகரத்துக்குப் போகும். ஈயத்தில் முதலில் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். ஒவ்வொரு எகர ஏகார ஒகர ஓகாரத்துக்கும் கொம்பை மறந்து, பிடுங்கி, மறுபடி கோத்து... பழகிய கம்பாசிட்டர் மணிக்கு ஆயிரம் எழுத்துக்கு மேல் கோப்பாராம். நான் நூற்றைம்பதைத் தாண்டவில்லை.

நாலு பக்கத்தையும் கோத்து வைத்துக்கொண்டு அடித்துவிடலாம் என்றுதான் போட்டிருந்த திட்டம். முதல் பக்கம் முடிந்து அடுத்ததில் கால்வாசி போகவில்லை, ம் தீர்ந்துவிட்டது. 140 கிலோ எழுத்து இருக்கிறது, ம் இல்லை! அடுத்து க், அப்புறம் து. "சென்னைக்கும் மதுரைக்கும்" என்பதை "சென்னை, மதுரை" என்று மாற்றினேன், "வந்தாராம்" என்பதை "வந்தார்" ஆக்கினேன். பழைய பத்திரிகையில் சில இடத்தில் வாக்கியம் ஏன் விநோதமாக முறிகிறது என்று மைக்ரோஃபிலிமில் யோசித்தது ஞாபகம் வந்தது, எழுதினவரை மட்டும் குற்றம் சொல்ல வேண்டாம் போலிருக்கிறது. ஒருவழியாக முதலாம் பக்கத்தையும் நாலாம் பக்கத்தையும் முடித்தேன். வரிசை தப்பு இல்லை, தாளை ஒரு மடிப்பு மடித்தால் ஒன்றும் நாலும்தான் ஒரே முகத்தில் வரும், இரண்டும் மூன்றும் மறுமுகம். ஒரு முகத்தை அடித்து, எழுத்தைப் பிரித்து அறைகளில் திரும்பப் போட்டு, அதே எழுத்தை வைத்து மறுமுகத்தைக் கோக்க வேண்டும். ஈயத்தில் இடவலம் மாறும் என்பதை மறந்து பக்கத்தை இடம் மாற்றி வைத்ததில் பன்னிரண்டு தாள் பின்னால் வீணானது தனிக்கதை.

ஏப்ரல் 9, ராத்திரி பதினொன்றரை. இரண்டு பக்கத்தையும் செஸ் என்ற இரும்புச் சட்டத்துக்குள் வைத்து, சுற்றிலும் கட்டை கொடுத்து, எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிக்கும் குவாயினை முறுக்கிவிட்டேன். பதினெட்டுக் கிலோ இருக்கும். மேஜையிலிருந்து தூக்கி இரண்டு எட்டு வைத்தேன், நடுவில் ஒரு வரி நழுவியது, அவ்வளவுதான், மழை மாதிரி கொட்டியது. முப்பத்திமூன்று மணி நேர வேலை. கையில் வெறும் இரும்புச் சட்டம். சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர் விளக்கைப் போட்டார். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன், அந்த நேரத்தில்கூட பையன் வந்து தொட்டுவிடக் கூடாதே என்று கதவைத் தாழ் போட்டது ஞாபகம் இருக்கிறது.

மறுநாள்தான் புத்தி வந்து தெரிந்தவர் மூலம் ஒரு பழைய கம்பாசிட்டர் ஐயாவின் நம்பரை வாங்கினேன். எழுபத்தெட்டு வயது. விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "பாரம் கொட்டாத ஆளே கிடையாதும்மா" என்றார். சட்டத்தில் வைத்து முறுக்கிய பக்கங்களைத்தான் பாரம் என்பார்கள். "தூக்கறதுக்கு முன்னாடி ஒரு மூலைக்கு அடியில குவாயின் சாவியைச் சொருகி, லேசாத் தூக்கி வெச்சு, மேல விரலால அழுத்திப் பாத்தியா?"

"இல்லைங்க ஐயா."

"எழுத்து ஆடினா தூக்கக் கூடாது. எந்த வரி ஆடுதோ அதுல மெல்லிசா காகிதம் சொருகு. எல்லா வரியும் ஒரே இறுக்கமா இருக்கணும். நீ வரிக்கு வரி இடைவெளியைக் கண்ணால பாத்துப் போட்டிருப்பே."

அப்படித்தான் போட்டிருந்தேன். ஸ்டிக்கில் ஒவ்வொரு வரியும் தானாகச் சாயாமல் நிற்கிற அளவுக்கு இடைவெளி அடைத்தால்தான் அடுத்த வரிக்குப் போகலாம் என்றார். பக்கம் முடிந்ததும் சுற்றி நூல் கட்டு என்றார். "கொட்டினதைப் பொறுக்கிட்டு உக்காராதே, ஒரு டப்பாவில போட்டு மூடிடு. கோபத்தோட பிரிச்சா தப்பு அறையில போடுவே, அப்புறம் அடுத்த பக்கம் பூரா பிழை வரும்." இந்த ஐந்து நிமிஷ ஃபோனை நவம்பரிலேயே போட்டிருக்கலாம். பணம் செலவழிக்கும் முன்னால் இந்தத் தொழிலில் இருந்த ஒரு மனிதரையாவது தேடிப் பிடியுங்கள், இன்னும் சிலர் இருக்கிறார்கள், கேட்டால் ஆசையாகச் சொல்கிறார்கள்.

அப்புறம் கத்திரி வெயில். மிஷினோடு வந்தது பழைய வகை ரோலர், வஜ்ஜிரப் பசையும் பாகும் காய்ச்சி வார்த்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் மே மாதம் மத்தியானம் அது ஒரு பக்கமாக வழிந்து மெழுகுவத்தி மாதிரி நின்றது. ரப்பரில் வார்த்து வருவதற்குள் அப்பாவின் விசேஷம் முடிந்துவிட்டது. பந்தலில் எல்லோரும் "எங்கே உன் பேப்பர்?" என்று கேட்க, வருது வருது என்று சிரித்துச் சமாளித்தேன். வெயில் காலத்தில் அடிப்பதாக இருந்தால் ராத்திரி அல்லது விடிகாலை, ரோலரை மிஷினிலிருந்து கழற்றி நிழலில் மாட்டி வையுங்கள், எழுத்தின்மேல் அழுத்தியபடி ஒருநாளும் விடாதீர்கள்.

ஜூன் கடைசியில் அடித்து முடித்தேன். எண்பதில் தேறியது அறுபத்திமூன்று. அடி வரியில் "அச்சிட்டவர்" என்று போட ட் இல்லாமல், வேறு வார்ப்பிலிருந்து ஒன்றை எடுத்துச் சொருகினேன், அறுபத்திமூன்றிலும் அந்த ஒரு எழுத்து மட்டும் தடியாக விழுந்திருக்கிறது. அப்பா கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு முதலில் அந்த வரியைத்தான் படித்தார். அதில் நான் போட்டிருந்தது என் பேர் இல்லை.

இரண்டாம் மூன்றாம் பக்கத்தை இன்னும் பிரிக்கவில்லை. நூல் கட்டியபடியே பிளாஸ்டிக்கில் சுற்றி, மாடி அறையைப் பூட்டி, சாவியை அலமாரி மேல் தட்டில் வைத்திருக்கிறேன். கொள்ளுத்தாத்தாவால் அப்படி வைத்திருக்க முடிந்திருக்காது, அடுத்த இதழுக்கு அவருக்கு அதே எழுத்துதான் வேண்டும்.